அரிப்புக்குக் காரணம் எது? தோலிடமே கேட்டறியும் ஒட்டுச் சோதனை

ஆடியில் நாலு மழை பெய்து வரப்பிலும் தரிசிலும் பூண்டுகள் தழைக்கும்போது சில விவசாயிகளுக்கு முகம் சிவந்து தடித்து விடுகிறது. கண் இமை வீங்குகிறது. கழுத்தின் இரு புறமும் முழங்கையின் உள் மடிப்பிலும் அரிப்பெடுத்து, சொறிந்தால் நீர் கசிகிறது. கோடையில் சற்றுக் குறைகிறது. அடுத்த ஆண்டு மழையோடு மறுபடியும் வந்து விடுகிறது. இப்படிச் சில ஆண்டுகள் போனபின் கோடையிலும் குறைவதில்லை. தோல் கறுத்து, தடித்து, மடிப்பு மடிப்பாக ஆகி, வெயிலில் தலை காட்டவே முடியாமல் போகிறது.

இந்த நிலையில் பெரும்பாலோர் செய்வது என்ன? முதலில் கத்தரிக்காயை ஒதுக்குகிறார்கள். பிறகு கருவாடு, மீன், முட்டை எல்லாம் போகின்றன. இரத்தம் கெட்டு விட்டது என்று யாராவது சொன்னால் பேதி மருந்து சாப்பிடுகிறார்கள். யூரியாதான் ஆகவில்லை என்று மேலுரம் இடும் வேலையைக் கூலியாளிடம் விடுகிறார்கள். மாட்டுச் சாணியைச் சந்தேகித்துக் கறவை மாட்டை விற்பவர்களும், உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நிலத்தையே வாரத்துக்கு விட்டுவிடுபவர்களும் உண்டு. இவ்வளவும் நடக்கும்போது உண்மையான காரணம் வாய்க்கால் கரையில் இடுப்பளவு உயரத்துக்கு வெள்ளைப் பூவோடு நின்று கொண்டிருக்கலாம்.

எந்தப் பொருள் பட்டதால் தோல் இப்படி ஆயிற்று என்று ஊகித்துக் கண்டுபிடிப்பது அனுபவசாலிக்கும் கடினம். ஆனால் தோலிடமே கேட்டுத் தெரிந்து கொள்ள ஒரு சோதனை உண்டு. டாக்டர்கள் அதைப் 'பாட்ச் டெஸ்ட்' என்பார்கள். ஒட்டுச் சோதனை எனலாம். ஊசி இல்லை, இரத்தம் எடுப்பதும் இல்லை. ஆனால் ஒரே வாரத்தில் மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும்.

பார்த்தீனியம் என்னும் விஷப் பூண்டு

நம் நாட்டில் வயல்வேலை செய்வோருக்குத் தோல் ஒவ்வாமை உண்டாக்கும் செடிகளில் முதலிடம் பார்த்தீனியத்துக்கே. காங்கிரஸ் புல் என்றும் இதற்குப் பெயர் உண்டு. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியைச் சேர்ந்த இச்செடி 1950-களின் நடுவில் புனே நகரில் கவனிக்கப்பட்டது. இறக்குமதியான கோதுமையோடு வந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. பின்னர் ரயில் பாதை, சாலை ஓரம், தரிசு, மேய்ச்சல் நிலம் என்று நாடெங்கும் பரவி விட்டது. ஒரு செடி பத்தாயிரக்கணக்கில் விதை உதிர்க்க வல்லது. 1970-களிலேயே புனே வட்டாரத்தில் இதனால் தோல் நோய் கண்டவர்களைப் பற்றிய மருத்துவ அறிக்கைகள் வெளிவந்து விட்டன.

செடியில் உள்ள பார்த்தீனின் என்ற பொருளே ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம். இலையிலும் தண்டிலும் உள்ள நுண்ணிய சுணைகளில் இது இருக்கிறது. செடி காய்ந்து நொறுங்கினாலும் இதன் வேகம் குறைவதில்லை. சுணையும் சருகுத் தூளும் காற்றில் பறந்து வந்து தோலில் படிகின்றன. ஆகவே செடியைக் கையால் தொடாதவருக்கும் நோய் வரலாம். "நான் அந்தச் செடிப் பக்கமே போவதில்லை" என்று விவசாயி சொல்வது உண்மையாகவே இருக்கும். செடிதான் அவரிடம் வருகிறது.

இந்த நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் வெளியில் வேலை செய்யும் நடுத்தர வயது ஆண்களே. சிறுவர்களுக்கு வருவது அரிது. ஒரே வயலில் ஒரே வேலை செய்யும் பத்துப் பேரில் ஒருவருக்கு வந்து மற்றவர்களுக்கு வராமல் இருப்பதால், "செடிதான் காரணம் என்றால் எல்லோருக்கும் வர வேண்டாமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தெரிந்தால் சோதனையும் புரிந்து விடும்.

தோலின் ஞாபகம்

தோலைக் கெடுக்கும் பொருள்கள் இரு வகை. சுண்ணாம்பு, காரமான சோப்பு, பூச்சி மருந்துக் கரைசல் போன்றவை யார் தோலில் அதிகம் பட்டாலும் எரிச்சலும் புண்ணும் உண்டாக்கும். இதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு குறைவு. பட்ட சிறிது நேரத்திலேயே, பட்ட இடத்திலேயே தெரிந்து விடும்.

ஒவ்வாமை இதிலிருந்து வேறுபட்டது. ஒரு பொருள் ஆண்டுக்கணக்கில் ஒருவர் மேல் பட்டும் ஒன்றும் செய்யாமல் இருக்கும். ஒரு கட்டத்தில் உடலின் காவல் அணுக்கள் அதைப் பகைவன் என்று குறித்து வைத்துக் கொள்கின்றன. அதன் பிறகு அந்தப் பொருள் துளி பட்டாலும் தோல் கொந்தளிக்கிறது. எல்லோர் உடலும் எல்லாப் பொருளையும் இப்படிக் குறித்து வைப்பதில்லை. அதனால்தான் பத்தில் ஒருவருக்கு வருகிறது. "இருபது வருஷமாக இந்த வரப்பில்தான் நடக்கிறேன், இப்போது மட்டும் ஏன்?" என்ற கேள்விக்கும் இதுவே பதில். ஒரு முறை பதிந்து விட்ட இந்த ஞாபகம் பெரும்பாலும் ஆயுள் முழுதும் இருக்கும்.

இன்னொரு விஷயத்தையும் மனதில் வைக்க வேண்டும். ஒவ்வாத பொருள் பட்டவுடன் அரிப்பு வருவதில்லை. காவல் அணுக்கள் திரண்டு வர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகிறது. திங்கட்கிழமை களை வெட்டியதன் பலன் புதன்கிழமை முகத்தில் தெரியும். செவ்வாய் இரவு சாப்பிட்ட கத்தரிக்காய்க் குழம்பின் மேல் பழி விழுவது இப்படித்தான்.

இந்தத் தாமதத்தையே ஒட்டுச் சோதனை பயன்படுத்திக் கொள்கிறது. சந்தேகப்படும் பொருளை மிகக் குறைந்த அளவில், தெரிந்த ஓர் இடத்தில் இரண்டு நாள் ஒட்டி வைத்து, தோல் அதை அடையாளம் கண்டு கொள்கிறதா என்று பார்ப்பதே இதன் அடிப்படை. யோசெப் யாதசோன் என்னும் தோல் நோய் மருத்துவர் 1895-ல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் நடந்த மாநாட்டில் இம்முறையை எடுத்துக் காட்டினார். பாதரச மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களின் தோலில் அந்த மருந்தையே சிறிதளவு ஒட்டிக் காட்டினார். நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அடிப்படை முறை மாறவில்லை.

சோதனை நடக்கும் விதம்

சட்டைப் பொத்தான் அளவுள்ள சிறு அலுமினியக் கிண்ணங்கள் ஒரு பிளாஸ்திரியில் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு பொருள், பெரும்பாலும் வாசலினில் குழைத்து, துளியளவு வைக்கப்படும். நிக்கல், குரோமியம், ரப்பரில் சேர்க்கும் ரசாயனங்கள், தலைச்சாயம், வாசனைப் பொருள்கள், களிம்பு மருந்துகள், பார்த்தீனியச் சாறு என்று நம் நாட்டு மக்களுக்கு அடிக்கடி ஆகாமல் போகும் பொருள்களின் தொகுப்பு ஒன்று இருக்கிறது. இதில் சுமார் 20 பொருள்கள் உண்டு. வெறும் வாசலின் மட்டும் உள்ள கிண்ணமும் ஒன்று இருக்கும். அந்த இடமும் சிவந்தால் தோல் எதைக் கண்டாலும் கோபப்படும் நிலையில் இருக்கிறது, மற்ற விடைகளையும் நம்புவதற்கில்லை என்று பொருள். மருந்து தெளிக்காத பாத்தியை ஒப்பீட்டுக்கு விட்டு வைத்துப் பார்க்கும் விவசாயிக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல.

பிளாஸ்திரி முதுகின் மேல் பகுதியில் ஒட்டப்படும். எந்தக் கிண்ணம் எந்தப் பொருள் என்பதற்கு ஓரத்தில் மையால் அடையாளம் இடுவார்கள். 48 மணி நேரம் கழித்துப் பிரித்து, பிளாஸ்திரி அழுத்தியதால் ஏற்பட்ட சிவப்பு அடங்க அரை மணிக்கு மேல் விட்டு, டாக்டர் முதல் முறை பார்ப்பார். ஒட்டிய நாளிலிருந்து மூன்றாம் அல்லது நான்காம் நாள் மறுபடியும் பார்ப்பார். இந்த இரண்டாவது பார்வைக்குப் போகாமல் விட்டு விடுபவர்கள் அதிகம். அது பெரிய தவறு. வெறும் எரிச்சலால் வந்த சிவப்பு இதற்குள் மங்கி விடும். உண்மையான ஒவ்வாமை ஓங்கி நிற்கும். சில பொருள்களுக்கு நான்காம் நாளில்தான் விடையே தெரியும். நியோமைசின் போன்ற சில மருந்துகள் ஒரு வாரம் கழித்துக்கூடக் காட்டுவது உண்டு.

வியாழனோ வெள்ளியோ ஒட்டினால் பார்க்க வேண்டிய நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழும். திங்கட்கிழமை ஒட்டிக் கொண்டு, புதன் அன்று பிரித்து, வெள்ளி அன்று கடைசியாகக் காட்டி வருவது தோதானது.

சிவந்து சற்றே மேடு தட்டியிருந்தால் ஒரு கூட்டல் குறி, சிறு கொப்புளங்கள் இருந்தால் இரண்டு, கொப்புளங்கள் ஒன்று சேர்ந்து பெரிதாகி விட்டால் மூன்று என்று சீட்டில் எழுதுவார்கள். மேடு இல்லாத இலேசான சிவப்பைச் சந்தேகத்துக்குரியது என்று குறிப்பார்கள். ஆகாத பொருள் இருந்த இடத்தில் சில நாள் அரிப்பு இருக்கும். களிம்பில் அடங்கி விடும். சிலருக்கு அந்த இடம் கொஞ்ச காலம் கறுத்திருக்கலாம்.

போவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

நோய் முற்றி முகமும் முதுகும் கொந்தளித்திருக்கும் வேளையில் இச்சோதனை கூடாது. முதலில் வைத்தியம் செய்து தோலை அமைதிப்படுத்திக் கொள்ள வேண்டும். முதுகில் புண், படை, வெயிலில் வெந்த தோல் இருந்தாலும் தள்ளிப் போடுவார்கள்.

பிளாஸ்திரி இருக்கும் இரண்டு நாளும் முதுகு நனையக் கூடாது. வியர்வை வழியும் வேலையும் ஆகாது. மண்வெட்டி பிடிப்பது, மூட்டை தூக்குவது, மருந்து தெளிப்பான் சுமப்பது எதுவும் கூடாது; பிளாஸ்திரி கழன்று விட்டால் போன காரியம் வீண். கடைசிப் பார்வை முடியும் வரை மை அடையாளம் அழியாமல் இருக்க முதுகைத் தேய்த்துக் குளிக்கக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் இது நடக்காத காரியம். நடவும் அறுப்பும் இல்லாத ஒரு வாரத்தைக் குளிர் மாதங்களில் ஒதுக்கிக் கொள்வது நல்லது. ஒரு வாரக் கூலி போகிறதே என்று தயங்குவது இயல்பு. ஆனால் ஆண்டுதோறும் களிம்புக்கும் ஊசிக்கும் போகும் பணத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரிப்பு தாங்காமல் ஊரில் போட்டுக் கொள்ளும் ஊசியில் பெரும்பாலும் இருப்பது ஸ்டீராய்டு மருந்து. இரண்டே நாளில் முகம் தெளிந்து விடும். சில வாரங்களில் நோய் திரும்பி விடும். மறுபடி மறுபடிப் போட்டுக் கொள்வதில் சர்க்கரை, இரத்த அழுத்தம், எலும்புத் தேய்வு என்று வேறு தொல்லைகள் வரும். சோதனைக்கும் இது இடைஞ்சல். ஸ்டீராய்டு உடம்பில் வேலை செய்து கொண்டிருக்கும்போது தோல் பகைவனைக் கண்டும் பேசாமல் இருந்து விடும். பார்த்தீனியமே காரணமாக இருந்தாலும் சீட்டில் ஒன்றும் இல்லை என்று வந்து விடலாம். ஆகவே என்ன ஊசி, என்ன மாத்திரை, எப்போது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். நெடுநாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் சோதனைக்காக அதைத் தானாக நிறுத்துவது ஆபத்து. குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் பொறுப்பு. முதுகில் களிம்பு தடவும் வழக்கம் இருந்தால் அதையும் எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று கேட்டுக் கொள்ள வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது வீட்டில் தடவிய களிம்புகள், தலைச்சாயம், காலில் போடும் செருப்பு, கையுறை, சமீபத்தில் தெளித்த மருந்துகளின் பெயர்ச் சீட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்வது உதவும். எந்த மாதத்தில் ஏறுகிறது, வெளியூரில் தங்கினால் குறைகிறதா, முதன்முதலில் உடம்பில் எங்கே வந்தது என்ற விவரங்களை ஒரு காகிதத்தில் குறித்து வைத்தால் இன்னும் நல்லது. 20 பொருளில் எதை நம்புவது என்று டாக்டர் தீர்மானிப்பது இந்த விவரங்களை வைத்துத்தான்.

உடம்பு காட்டும் அடையாளம்

முகத்திலும் கழுத்திலும் வரும் நோய்க்கு வெயில்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். வெயிலால் மட்டும் வருவது வெயில் விழும் இடத்தோடு நின்று விடும். மோவாய்க்குக் கீழும், காதின் பின்புறமும், மேல் இமையின் மடிப்பும் நிழலான இடங்கள். அங்கேயும் வந்திருந்தால் காற்றில் பறந்து வரும் தூளைச் சந்தேகிக்க வேண்டும். தூளுக்கு வெயில், நிழல் என்ற பேதம் இல்லை. பார்த்தீனிய நோய் முற்றியவர்களுக்கு வெயிலும் சேர்ந்து ஆகாமல் போவதால் குழப்பம் வருகிறது.

பாதத்தின் மேல் புறம் வார் படும் இடத்தில் மட்டும் வந்திருந்தால் செருப்பைப் பார்க்க வேண்டும். ரப்பர்ச் செருப்பானால் ரப்பரைப் பதப்படுத்தும் ரசாயனமும், தோல் செருப்பானால் தோல் பதனிடப் பயன்படும் குரோமியமும் காரணமாகலாம். சிமெண்டிலும் குரோமியம் உண்டு. வேளாண்மை இல்லாத நாள்களில் கொத்தனார் வேலைக்குப் போகிறவரின் கைப் புண்ணுக்கு இது ஒரு காரணம். அவருக்குக் காலில் தோல் செருப்பும் ஆகாமல் போவது இதனால்தான். பெண்களுக்கு நெற்றியில் பொட்டு வைக்கும் இடம் வெளுத்தோ அரித்தோ போனால் ஸ்டிக்கர் பொட்டின் பசையையும், காது மடலிலும் கழுத்திலும் வந்தால் கவரிங் நகையில் உள்ள நிக்கலையும் சோதித்துப் பார்ப்பார்கள். வெங்காயம், பூண்டு உரிப்பவர்களுக்கு விரல் நுனிகள் வெடிப்பது இன்னொரு வகை. முந்திரிக் கொட்டை உடைப்போர் கையில் வருவதற்கு ஓட்டில் உள்ள எண்ணெய் காரணம். மாம்பாலும் சேங்கொட்டையும் அதே இனத்தைச் சேர்ந்தவை.

விவசாயிகளுக்குப் பயன்படும் ஒரு செய்தி விதை நேர்த்தி மருந்தில் இருக்கிறது. திரம் என்ற பூசண மருந்தும், ரப்பர்க் கையுறை தயாரிப்பில் ரப்பரை இறுகச் செய்யச் சேர்க்கும் ஒரு ரசாயனமும் ஒன்றே. திரம் ஒவ்வாதவர் கையைக் காப்பாற்ற ரப்பர்க் கையுறை போட்டால் கையுறையாலேயே நோய் ஏறக் கூடும். மருந்தையும் நிறுத்தி, கையுறையும் போட்டு, இன்னும் ஏன் ஆறவில்லை என்று தவிப்பவருக்கு ஒட்டுச் சோதனை ஒன்றுதான் விடை சொல்லும். இத்தகையவர் பிளாஸ்டிக் கையுறை பயன்படுத்தலாம்.

புண்ணுக்குத் தடவும் களிம்பே காரணமாகி விடுவதும் உண்டு. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் பலமருந்துக் கலவைக் களிம்புகளில் நியோமைசினும் கடுமையான ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கலாம். ஒன்று தோலைக் கிளறும், மற்றொன்று அதை மூடி மறைக்கும். நிறுத்தினால் ஏறுகிறது, தடவினால் அடங்குகிறது என்று மாதக்கணக்கில் போகும்.

எது இந்தச் சோதனை ஆகாது?

கையில் சொட்டு மருந்து வைத்து ஊசி முனையால் கீறி, கால் மணி நேரத்தில் தடிப்பு எழுகிறதா என்று பார்ப்பது வேறு சோதனை. தும்மல், இழுப்பு, காணாக்கடி போன்றவற்றுக்கு அது ஏற்றது. இரத்தம் எடுத்து, நூறு உணவுப் பொருள்களின் பெயரை அச்சடித்து, கத்தரிக்காய் ஆகாது, கடலை ஆகாது என்று பட்டியல் தருவதும் தோலில் பட்டு வரும் இந்த நோயைக் கண்டுபிடிக்காது. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துப் பட்டியல் வாங்கி வந்து, சத்தான உணவையெல்லாம் விட்டு இளைத்துப் போவதுதான் மிச்சம்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாமா என்று சிலர் கேட்கக் கூடும். பார்த்தீனிய இலையைக் கசக்கிக் கையில் கட்டுவது, பூச்சி மருந்தைத் துணியில் நனைத்து ஒட்டுவது ஆகியவை ஒருபோதும் கூடாது. பச்சை இலை தோலைப் புண்ணாக்குவதோடு, அதுவரை இல்லாத ஒவ்வாமையையும் உண்டாக்கி விடலாம். பூச்சி மருந்து தோல் வழியே உடம்பில் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். சோதனையில் வைக்கும் பொருள்கள் எந்த அளவுக்கு நீர்த்திருக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. அது டாக்டர் வேலை. தடவிக் கழுவாமல் விடும் களிம்பு, எண்ணெய் போன்றவற்றை மட்டும், டாக்டர் சொன்னால், முழங்கையின் உள் பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தினம் இரு வேளை ஒரு வாரம் தடவிப் பார்க்கலாம். அரிப்பு வந்தால் உடனே நிறுத்தி விட வேண்டும்.

விடை வந்த பின்

சீட்டில் கூட்டல் குறி விழுந்த எல்லாமே இன்றைய நோய்க்குக் காரணம் என்று கொள்ள முடியாது. நிக்கலுக்குக் குறி விழுந்தது எப்போதோ போட்ட கடிகாரச் சங்கிலியின் ஞாபகமாக இருக்கலாம். நோய் வந்த இடம், காலம், செய்யும் வேலை மூன்றோடும் பொருந்துவதையே எடுத்துக் கொள்வார்கள். அதேபோல் எதற்கும் குறி விழவில்லை என்றால் சோதித்த பொருள்கள் காரணமல்ல என்று மட்டுமே சொல்லலாம். சோதிக்காத ஒன்று வெளியில் இருக்கலாம், அல்லது வெறும் எரிச்சலாக இருக்கலாம்.

பார்த்தீனியம் என்று உறுதியானால், அதே குடும்பத்தைச் சேர்ந்த சாமந்தி, சூரியகாந்தி, மருளூமத்தை ஆகியவையும் சிலருக்கு ஆகாமல் போகலாம். சாமந்தி பயிரிடுபவருக்கு இது பிழைப்பைத் தொடும் செய்தி. சாமந்தியும் ஆகாதா என்பதைத் தனியே சோதித்துக் கேட்ட பிறகே பயிரை மாற்றுவது பற்றி முடிவு செய்ய வேண்டும். விடை தெரியாமல் பூந்தோட்டத்தை அழித்து விட வேண்டாம்.

ஒவ்வாமை உள்ளவர் தாமே பார்த்தீனியத்தைப் பிடுங்கக் கூடாது. மற்றவர்கள் முழுக்கைச் சட்டை, கையுறை அணிந்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக் கொண்டு, மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது, பூ எடுப்பதற்கு முன் வேரோடு பிடுங்க வேண்டும். பூக்காத செடியை மக்க வைத்து எருவாக்கலாம். காய்ந்த செடியைக் குவித்துக் கொளுத்துவது கூடாது. தூளும் புகையும் ஊர் முழுக்கப் பரவும். பயிரில்லாத பாதை ஓரங்களில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பு வீதம் கரைத்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துச் செடி நன்கு நனையத் தெளிக்கலாம். வயல் வரப்பில் இது வேண்டாம், மண் உவராகி விடும். 1980-களில் மெக்சிகோவிலிருந்து கொண்டு வந்து பெங்களூர்ப் பகுதியில் விடப்பட்ட ஒரு வண்டு மழைக் காலத்தில் இதன் இலையைத் தின்று தீர்க்கிறது. இலை சல்லடையாகி இருப்பதைக் கண்டால் அந்த வண்டை மருந்தடித்துக் கொல்லாமல் விட வேண்டும். ஒருவர் வரப்பில் மட்டும் பிடுங்கிப் பயன் குறைவு. அக்கம் பக்கத்து நிலத்துக்காரர்களும் ஊராட்சியும் சேர்ந்து மழைக்குப் பின் ஒரு சுற்று பிடுங்கினால்தான் தூள் குறையும்.

நோயாளி செய்ய வேண்டியவையும் உண்டு. வயலுக்குப் போகும்போது கழுத்தையும் காதையும் சுற்றித் துண்டு கட்டிக் கொண்டு, திரும்பியதும் சட்டையை மாற்றி, முகம் கை கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். துவைத்த துணியை வேலியிலும் செடி மேலும் உலர்த்துவது கிராமத்து வழக்கம். பார்த்தீனியம் இருக்கும் இடத்தில் உலர்த்திய துணி, சுணையை நேரே உடம்புக்குக் கொண்டு வரும். வீட்டுக்குள் கொடியில் உலர்த்த வேண்டும். களத்தில் கயிற்றுக் கட்டில் போட்டுக் காவல் படுப்பவர் கட்டிலைச் சுற்றி இருபது முப்பது அடிக்காவது செடியில்லாமல் பார்த்துக் கொள்வது நல்லது. இவ்வளவும் செய்தும் அடங்காதவர்களுக்கு டாக்டர் கண்காணிப்பில், அவ்வப்போது இரத்தம் சோதித்துக் கொண்டு சாப்பிட வேண்டிய மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றைச் சீட்டில்லாமல் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

ஒட்டுச் சோதனை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் தோல் நோய்ப் பிரிவில் விசாரிக்கலாம். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டி, அனுப்புச் சீட்டு வாங்கிக் கொண்டு போவது வசதி. சோதனைப் பொருள்கள் எல்லா நாளும் கைவசம் இருப்பதில்லையாதலால், முதல் முறை போகும்போதே எந்த வாரம் வரலாம் என்று கேட்டுத் தேதி வாங்கி வந்து விட்டால் வீண் அலைச்சல் இல்லை. முடிவு எழுதிய சீட்டைப் பத்திரமாக வைத்துக் கொள்ள வேண்டும்; பின்னால் எந்த வியாதிக்கு எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் காட்ட வேண்டியிருக்கும்.